சட்டைப் பையில் பதினாறு பக்கம்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னைப் பேச அழைத்தபோது, "நீ எலக்ட்ரிகல்தானே, அதைப் பத்தியே பேசுப்பா" என்றார். "அண்ணே, சின்னப் புத்தகம் மடிக்கிறதைப் பத்திப் பேசட்டுமா?" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுடறேன். சாப்பிட்ட பிறகு போட்டா தூங்கிடுவாங்க" என்றார். அவருக்கு என் நன்றி.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேராவது வாழ்நாளில் ஒரு சிறு புத்தகம் போட்டே தீருவீர்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். அப்பா எழுதிவைத்த கவிதைகள் இருக்கும். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் வரும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் விதிமுறைகளை அச்சிடச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற நம் பேராசிரியர் ஒருவரின் குறிப்புகளை யாராவது தொகுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஐம்பது பிரதி போதும். ஆப்செட் அச்சகத்துக்குப் போனால், "ஐந்நூறுக்குக் கீழே கட்டுபடியாகாதுங்க" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆகவே வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள பிரின்டர், ஒரு கட்டு ஏ4 தாள், ஒரு ஸ்டேப்ளர், இவற்றைக் கொண்டு நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். செய்யலாம், கஷ்டமில்லை. ஆனால் எங்கே தொடங்குவது என்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். முதலில் கட்டுரையை டைப் செய்து முடிப்பார்கள், பிறகு எழுத்தை அழகு பார்ப்பார்கள், கடைசியில்தான் மடிப்பைப் பற்றி நினைப்பார்கள். நான் சொல்ல வந்தது, மடிப்பிலிருந்து தொடங்கிக் கட்டுரைக்கு வாருங்கள் என்பதுதான்.

இது எனக்குப் பொழுதுபோக்காக வந்ததில்லை. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களுக்கென்று தமிழில் ஒரு பாதுகாப்புக் கையேடு இருந்தது. வெளியில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்தது. வழவழப்பான ஆர்ட் பேப்பர், நான்கு வண்ணம். மின்சாரம் பாயும் இடத்தில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஐந்து காரியங்கள் உண்டு. உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஐந்து. இணைப்பைத் துண்டிப்பது, வேறு யாரும் மறுபடி போட்டுவிடாதபடி பூட்டுவது, மின்சாரம் இல்லை என்று சோதிப்பது, எர்த் செய்து ஷார்ட் செய்வது, பக்கத்தில் இன்னும் லைவாக உள்ள பாகங்களை மறைப்பது. அந்த வரிசை மாறக்கூடாது, ஒன்றும் விடுபடக்கூடாது.

அந்தக் கையேட்டில் மூன்றாவது படி வலப்பக்கத்தின் அடியில் முடிந்தது. நான்காவது படி, தாளைத் திருப்பினால் வரும்.

எங்கள் பழைய வயர்மேன் ஒருவர், என் அப்பா வயது இருக்கும், அவர்தான் ஒரு ஷட்டவுன் நாளில் அதை என்னிடம் கொண்டுவந்தார். "சார், மூணு வரைக்கும் படிச்சாச்சு. அடுத்தது என்னன்னு பார்க்கணும்னா தாளைத் திருப்பணும். கிளவுஸ் போட்ட கையில இந்த வழவழ தாள் திரும்ப மாட்டேங்குது. கழட்டினாத்தான் உண்டு." நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். "அண்ணே, அப்ப எல்லாரும் என்ன பண்றாங்க?" என்றேன். "மூணோட நிறுத்திக்கிறாங்க சார்" என்றார்.

மூன்றோடு நிறுத்தினால் எர்த் போடவில்லை என்று அர்த்தம். கிளவுஸைக் கழற்றச் சொல்லும் பாதுகாப்புப் புத்தகம்! எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, சொற்களில் ஒரு பிழையும் இல்லை. வரைந்தவரையும் சொல்ல முடியாது, படங்கள் நன்றாகவே இருந்தன. பக்கம் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டிய ஆள் அந்த இருவருக்கும் நடுவே இல்லை. அந்தப் புத்தகத்தைத் திரும்பச் செய்யும் வேலை அன்றிலிருந்து என்னுடையதாயிற்று.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே எடுங்கள். அழைப்பிதழின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். இன்னொரு தாளை மடித்து உள்ளே செருகினால் எட்டு. ஆகவே சென்டர் பின் அடிக்கும் எந்தப் புத்தகமும் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். 8, 12, 16, 20 என்று போகும். 22 பக்கப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. காலையில் ஒரு சீனியர் அண்ணன், "எங்க குடும்ப வரலாறு 22 பக்கம் வருதுப்பா, என்ன பண்றது?" என்று கேட்டார். இரண்டு பக்கத்தைக் குறைத்து 20 ஆக்குங்கள் அண்ணே. 24 ஆக்கினால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும், அதை நிரப்ப யாராவது ஒரு வாழ்த்துச் செய்தி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆண்டு மலர் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சிரிப்பது தெரிகிறது.

பதினாறு என்பது நம் மொழிக்குப் பழைய கணக்கு. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் மிகப் பழையது 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'. அது பதினாறு பக்கம். ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம் வரும். அச்சகத்தில் இன்றும் "எத்தனை பாரம் வரும்?" என்று கேட்பது இந்தக் கணக்கைத்தான். சென்னை குஜிலிக் கடைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களும், தியேட்டர் வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

சரி, பதினாறு பக்கம். நான்கு தாள். அவற்றை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, பென்சிலால் 1 முதல் 16 வரை பக்க எண் போடுங்கள். இதற்கு டம்மி என்று பெயர். பிறகு பிரித்து மேஜைமேல் வையுங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் இடது பக்கம் 16, வலது பக்கம் 1 இருக்கும். அதன் மறுமுகத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3. மறுமுகத்தில் 4, 13. அப்படியே உள்ளே போனால் 12, 5, 6, 11, 10, 7, கடைசியில் 8, 9. எந்த முகத்தை எடுத்துக் கூட்டினாலும் 17. மொத்தப் பக்கத்தோடு ஒன்று. இந்த ஒரு விதி தெரிந்தால் எந்த மென்பொருளும் இல்லாமலே பக்கங்களை அடுக்கிவிடலாம். இருந்தாலும் கையால் அடுக்கத் தேவையில்லை. லிப்ரே ஆபிஸில் பிரின்ட் கொடுக்கும் இடத்தில் புரோஷர் என்று இருக்கிறது, வேர்டில் புக் ஃபோல்டு இருக்கிறது, அக்ரோபேட் ரீடரில் புக்லெட் இருக்கிறது. அடுக்கும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும். ஆனால் எந்தப் பக்கத்தில் எது வர வேண்டும் என்பதை அவை சொல்லாது. அதற்குத்தான் டம்மி. டம்மி செய்யாமல் கம்ப்யூட்டர் முன் உட்காராதீர்கள்.

டம்மியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்று தெரியும். வாசிப்பவர் பார்ப்பது ஒரு பக்கத்தை அல்ல, எதிரெதிரே உள்ள இரண்டு பக்கங்களைச் சேர்த்துத்தான் பார்க்கிறார். 2-உம் 3-உம் ஒன்று, 4-உம் 5-உம் ஒன்று. 3-இலிருந்து 4-க்குப் போவதுதான் தாண்டல். ஆகவே பிரிக்கக் கூடாத எதையும் ஒற்றைப்படைப் பக்கத்தின் அடியில் தொங்கவிடக் கூடாது. சமையல் குறிப்பானாலும் சரி, மந்திரமானாலும் சரி, சுவிட்ச்கியரானாலும் சரி.

அப்புறம் நடுப்பக்கம். 8-உம் 9-உம் எதிரெதிரே இருக்கும் அந்த விரிப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்ற எல்லா விரிப்புகளிலும் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறொரு தாள். பிரின்டர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இரண்டும் ஒட்டாது. நடுவில் மட்டும் இரண்டும் ஒரே தாளின் ஒரே முகம். படம், அட்டவணை, கோடு எதுவாக இருந்தாலும் மடிப்பைக் கடந்து ஓடலாம், விலகாது. பின் அடித்த இடமும் அதுவே என்பதால் புத்தகத்தைச் சும்மா மேஜையில் போட்டாலும் அங்கேதான் திறக்கும்.

ஐந்து படிகளும் அங்கேதான் போக வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். இடப்பக்கத்தில் மூன்று, வலப்பக்கத்தில் இரண்டு. தாளைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை.

ஆனால் நடுப்பக்கத்துக்கு வேறொரு விண்ணப்பமும் வந்திருந்தது. நிர்வாக இயக்குநரின் வண்ணப்படமும் வாழ்த்துச் செய்தியும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிவாக வர வேண்டும் என்று மனிதவளத் துறையில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதற்கும் காரணம் அதே காரணம்தான், "சார், அங்கதான் எல்லாரும் பார்ப்பாங்க." நான் வாதம் செய்யவில்லை. அந்த வயர்மேன் அண்ணனைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். கிளவுஸ் போடச் சொல்லி, பின் அடித்த டம்மியைக் கையில் கொடுத்து, "திறங்கண்ணே" என்றேன். நடுப்பக்கம் திறந்தது. மறுபடி மூடித் திறந்தார், மறுபடியும் நடுப்பக்கம். "இந்த இடத்துல எர்த் போடணும்னு இருந்தா நான் போடுவேன். ஐயா போட்டோ இருந்தா கும்பிட்டுட்டு மூடிடுவேன்" என்றார். மனிதவள மேலாளரே சிரித்துவிட்டார். படம் 2-ஆம் பக்கத்துக்குப் போயிற்று. செய்தி ஆறு வரியாகச் சுருங்கிற்று. இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அடுத்தது அளவு. ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். நடுவில் மடித்தால் 148-க்கு 210, அது ஏ5. இன்னும் ஒரு மடிப்பு, 105-க்கு 148, அது ஏ6. எத்தனை முறை பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாது, ஏனென்றால் அது ரூட் 2-க்கு ஒன்று. கணித வகுப்பில் ரூட் 2 எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஜெராக்ஸ் கடையில் பதில் இருக்கிறது. ஜெர்மனியில் 1922-ல் தரப்படுத்திய இந்த அளவைத்தான் நாம் இன்றும் பயன்படுத்துகிறோம்.

ஏ5 மேஜைக்கு நல்லது. கோயில் வரலாறு, கவிதை, குடும்பக் கதை எல்லாம் ஏ5-இல் போடலாம். ஆனால் சட்டைப் பையில் ஏ5 போகாது. பையில் போகாத பாதுகாப்புப் புத்தகம் லாக்கரில்தான் இருக்கும். ஆகவே ஏ6. 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஏ6-இல் பதினாறு பக்கத்துக்கு இரண்டு ஏ4 தாள் போதும். மொத்தம் பத்துக் கிராம் எடை.

இங்கேதான் எல்லோரும் விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டுரையை ஏ4 பக்கத்தில் 12 பாயின்டில் அழகாக அமைத்துவிட்டு, புக்லெட் என்று பிரின்ட் கொடுப்பார்கள். பக்கம் ஏ5 ஆகச் சுருங்கும்போது எழுத்தும் ரூட் 2-ஆல் வகுபடும். 12 பாயின்ட் எட்டரை ஆகிவிடும். ஏ6 என்றால் 6 பாயின்ட். மருந்துச் சீட்டில் இருக்கும் எழுத்து அது. திரையில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஆகவே முதல் நாளே பக்க அளவை ஏ6 என்று வைத்துக்கொண்டு, அதில் எழுத்தை நிஜ அளவில் அமையுங்கள். பிரின்ட் கொடுக்கும்போது பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கும் வசதியை நிறுத்தி, நூறு சதவீதம் என்று வையுங்கள். முதல் பிரதியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நாம் பொறியாளர்கள், அளக்காமல் எதையும் நம்பக் கூடாது.

தமிழ் எழுத்துக்கு மேலே விசிறி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் உறுப்புகள் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கீ'யோடு முட்டும். நான் 11 பாயின்ட் எழுத்துக்கு வரியிலிருந்து வரிக்கு 16 பாயின்ட் வைத்தேன். மேலே 12 மி.மீ., கீழே 18 மி.மீ., உள்ளே 11, வெளியே 12 விட்டேன். கீழே ஏன் அதிகம் என்றால், அங்கேதான் கட்டை விரல் வரும். கிரீஸ் பட்ட கட்டை விரல் எழுத்தின்மேல் வரக் கூடாது.

இப்படி அமைத்தால் ஒரு பக்கத்தில் இருபது வரி. ஒரு வரியில் மூன்று அல்லது நான்கு சொற்கள். சுமார் எழுபது சொற்கள் என்று வையுங்கள். முன்னட்டை, பின்னட்டை, வாழ்த்துப் பக்கம் மூன்றும் போக மீதி பதின்மூன்று பக்கம். தொள்ளாயிரம் சொற்கள். எனக்குக் கொடுத்திருந்த மூலமோ மூவாயிரம் சொற்கள்!

எழுத்தைச் சிறிதாக்கினால் அடங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது மட்டும் கூடாது. அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் நாற்பது தாண்டியவர்கள், கண்ணாடி வீட்டில் இருக்கும், பேனல் அறையில் வெளிச்சம் குறைவு. குறைய வேண்டியது எழுத்தின் அளவு இல்லை, எழுத்தின் எண்ணிக்கை. "மின்னிணைப்பு முழுமையாகத் துண்டிக்கப்பட்டுள்ளதா என்பதனை உறுதிப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும்" என்று மூலத்தில் இருந்தது. "எல்லாப் பக்கமும் ஆஃப் செய்" என்று நான் எழுதினேன். மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். வயர்மேன் அண்ணனிடமே கேட்டேன். "சார், கரண்ட் என்ன எனக்கு மரியாதையா கொடுக்குது?" என்றார். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் வெட்டிக்கொண்டே போகவும் கூடாது. மூன்றாவது படி, மின்சாரம் இல்லை என்று சோதிப்பது, மூலத்தில் ஒரே வரி. அதை நான் மூன்று வரியாக்கினேன். முதலில் லைவ் என்று தெரிந்த இடத்தில் டெஸ்டரைச் சோதி. பிறகு வேலை செய்யும் லைனைச் சோதி. மறுபடியும் டெஸ்டரைச் சோதி. பேட்டரி போன டெஸ்டர் எந்த லைனைத் தொட்டாலும் "கரண்ட் இல்லை" என்றுதான் சொல்லும். அதை நம்பிக் கை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறிடத்தில் நாற்பது வரி வெட்டியதால்தான் இங்கே இரண்டு வரி கூட்ட முடிந்தது.

எச்சரிக்கைகளையும் இடம் மாற்றினேன். மூலத்தில் எல்லா எச்சரிக்கையும் கடைசிப் பக்கத்தில் மொத்தமாக இருந்தன. வேலையைச் செய்து முடித்த பிறகு, அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று படித்து என்ன பயன்? எந்தப் படிக்கு எச்சரிக்கையோ அந்தப் படிக்கு முன்னால், அதே பக்கத்தில் வைத்தேன். பின்னட்டையில் பொதுவாக அச்சகத்தின் பெயரும் லோகோவும்தான் இருக்கும். புத்தகத்தைத் திறக்காமலே பார்க்கக் கூடிய பக்கம் அது, அதை வீணாக்குவானேன்? ஷாக் அடித்தவரைக் கையால் தொடாதே, முதலில் சப்ளையை நிறுத்து, 108-ஐக் கூப்பிடு, எங்கள் மருந்தகத்தின் உள் எண் இது. பெரிய எழுத்தில் இவ்வளவுதான் பின்னட்டை.

தமிழ் வரி பற்றி ஒரு வார்த்தை. நம் சொற்கள் நீளம். மூன்று நான்கு சொல் உள்ள குறுகிய வரியை இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள் விழும், பக்கத்தின் நடுவே வெள்ளையாக ஆறு ஓடும். ஆகவே சின்னப் புத்தகத்தில் இடது பக்கம் மட்டும் நேராக வைத்து வலது பக்கத்தை விட்டுவிடுங்கள். நீளச் சொல்லை உடைத்தே தீர வேண்டும் என்றால், பழைய கம்பாஸிட்டர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள், புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. இன்றைக்கும் அது நல்ல விதி. யூனிகோடில் டைப் செய்தால் 'கொ' என்பதில் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டியே இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பு தனி, எழுத்து தனி, கால் தனி. கட்டாயமாக உடைக்கும்போது கொம்பு மேல்வரியிலும் எழுத்து கீழ்வரியிலும் போய் நிற்கும். உங்கள் ஊர் டி.டி.பி. கடையில் இன்னும் பேஜ்மேக்கரில் செய்து தருகிறேன் என்றால், அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் 2001-ல் வந்த 7.0-வோடு அந்த மென்பொருள் நின்றுவிட்டது. யூனிகோடில் கோப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்குத் திருத்த வேண்டும் அல்லவா?

பக்கத்தைச் சுற்றிப் பார்டர் போடாதீர்கள். கல்யாணப் பத்திரிகைப் பழக்கம் நம்மை விடாது, தெரியும். ஆனால் வீட்டுப் பிரின்டரில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகும். பார்டர் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, இருந்தால் எல்லோருக்கும் தெரியும். தாளின் ஓரத்தில் சுமார் ஐந்து மில்லிமீட்டருக்குப் பெரும்பாலான பிரின்டர்கள் அச்சிடவும் மாட்டா.

இரண்டு பக்கமும் அச்சிடும்போது பின்பக்கம் தலைகீழாக வந்து பலர் தாள் கட்டையே வீணாக்குவார்கள். தாளை எந்த விளிம்பில் புரட்டுவது, நீள விளிம்பா குறுகிய விளிம்பா என்று கம்ப்யூட்டர் கேட்கும். மனப்பாடம் செய்ய வேண்டாம். மடிப்புக் கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதற்கு இணையான விளிம்பில் புரட்ட வேண்டும். ஏ5 புத்தகத்துக்கு ஏ4 தாளைக் குறுக்கே மடிக்கிறோம், ஆகவே குறுகிய விளிம்பு. ஏ6-க்கு நான் ஏ4 தாளை நெட்டுவாக்கில் வைத்து, மேல்பாதியிலும் கீழ்பாதியிலும் அதே பக்கங்களை அச்சிட்டு, பிறகு கட்டிங் மிஷினில் நடுவில் வெட்டினேன். நான்கு தாளில் இரண்டு புத்தகம். அங்கே மடிப்பு நீளவாக்கில் ஓடும், ஆகவே நீள விளிம்பு.

இதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. தாளுக்கும் மரம்போல நார் ஓட்டம் உண்டு. கடையில் வாங்கும் ஏ4 தாளில் அது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். ஏ5-க்கு மடிக்கும்போது நாரைக் குறுக்கே முறிக்கிறோம், அதனால் மடிப்பு முரடாக வரும். கெட்டி அட்டையாக இருந்தால் வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து முதலில் ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் சரியாகும். மேலே சொன்னபடி வெட்டிய ஏ6-இல் மடிப்பு நாரோடு போகிறது. அழுத்தாமலே கத்திபோல் மடிகிறது.

மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது உள்தாள் கொஞ்சம் வெளியே நீட்டும். ஒரு தாளுக்கு ஏறத்தாழ ஒரு தாளின் கனம், 80 ஜி.எஸ்.எம்.மில் சுமார் 0.1 மி.மீ. நான்கு தாளுக்கு இதைப் பற்றிக் கவலை இல்லை. எண்பது பக்கம், இருபது தாள் என்றால் இரண்டு மில்லிமீட்டர் வந்துவிடும். ஓரத்தை வெட்டினால் நடுப்பக்கங்களின் வெளி மார்ஜின் மட்டும் குறுகும். அவ்வளவு பெரிய புத்தகத்தை மடிக்காதீர்கள், பைண்டரிடம் கொடுங்கள்.

பின் அடிப்பதற்குச் சாதாரண ஸ்டேப்ளரின் கை நடுமடிப்பு வரை எட்டாது. நீளக் கை ஸ்டேப்ளர் விற்கிறார்கள். இல்லாவிட்டால் தாளை விரித்து முதுகுப்புறம் மேலாக ஒரு தெர்மோகோல் துண்டின்மேல் வைத்து, ஸ்டேப்ளரை விரித்து அடித்து, உள்ளே வந்த காலைக் கரண்டியால் மடக்கிவிடுங்கள். ஐம்பது பிரதிக்கு இதுவே போதும். பின் துருப்பிடிக்கும் இடமாக இருந்தால், எங்கள் பம்ப் ஹவுஸ் மாதிரி, ஊசி நூலால் மூன்று துளை போட்டுத் தைத்துவிடலாம். லேசர் பிரின்டரில் அச்சிடுங்கள், வியர்வைக்குக் கரையாது. இங்க்ஜெட் மை மழைக்காலத்தில் சட்டையில்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. மொத்தமாக அச்சிடுவதற்கு முன் ஒரே ஒரு பிரதி செய்து, யார் படிக்கப் போகிறாரோ அவர் கையில், அவர் படிக்கப் போகும் இடத்தில் கொடுத்துப் பாருங்கள். பாட்டிக்கான ஸ்தோத்திரப் புத்தகம் என்றால் பூஜை அறை விளக்கு வெளிச்சத்தில். எங்களுடையதைப் பேனல் அறையில் கொடுத்தோம். வயர்மேன் அண்ணன் நடுப்பக்கத்தைத் திறந்து, சுவிட்ச்கியர் கதவில் இருந்த கிளிப்பில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டுப் படித்தார். அப்படி மாட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது எல்லா பேனல் கதவிலும் ஒரு கிளிப் வைத்திருக்கிறோம். ஐந்து படியும் கண்ணெதிரே இருக்கின்றன. அந்த ஷிஃப்டில் எர்த் ராடு ஸ்டோர் அறையிலிருந்து வெளியே போய்த்தான் திரும்புகிறது, பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது.

செயலாளர் அண்ணன் மணி பார்க்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய டிராயிங் ஹாலில் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். தாள், நீளக் கை ஸ்டேப்ளர், ஸ்கேல் எல்லாம் இருக்கிறது. 22 பக்கத்தோடு வந்திருக்கும் அண்ணன் முதலில் வரட்டும், எந்த இரண்டு பக்கத்தை எடுப்பது என்று உட்கார்ந்து பார்க்கலாம்.